பட்டாணி பள்ளிக்குப் போகாத வருஷம்

ஜூன் 14

அக்காவுக்கு,

போன் செய்யாதே என்றாய். கடிதம் எழுதாதே என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். போனில் பேசினால் இருவரும் கத்துவோம், நீ முதலில் வைத்துவிடுவாய். காகிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை.

பத்திரமாக வந்து சேர்ந்தோம். பட்டாணி வழி நெடுக சன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பெற்றது நான் என்றாலும் ஐந்து வயதிலிருந்து உன் வீட்டில் வளர்ந்தவள். உன் பள்ளியைத் தவிர வேறு பள்ளி தெரியாதவள். அவளுக்கும் சுலபமாக இல்லை.

பள்ளி வாசலில், உன் ஆசிரியர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "ஒரு வருஷம் கழிச்சு இடம் கேட்டு என் முன்னாடி வந்து நிக்காதே" என்றாய். நானும் வீம்புக்கு "நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். காரணத்தைச் சொல்ல நீ விடவே இல்லை. இப்போதாவது கேள்.

விடுமுறைக்கு அவள் இங்கே வந்தபோது அவளுடைய கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "பாதிக் கணக்கு தெரியலையாடி உனக்கு?" என்று கேட்டேன். சிரித்தாள். "தெரிஞ்சேதாம்மா தப்பா எழுதினேன்" என்றாள். எனக்குப் புரியவில்லை. "எல்லாத்தையும் சரியா எழுதினா மத்த பிள்ளைங்க பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்க. தலைமையாசிரியை வீட்டுப் பொண்ணுக்கு கேள்வி முன்னாடியே தெரியும்னு சொல்றாங்க. பாதி தப்பா எழுதினா சண்டை இல்ல" என்று, ஏதோ குடையை எடுத்துப் போவதைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னாள். அக்கா, பத்து வயதுப் பிள்ளை மடச்சியாக நடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதையும் நன்றாகவே செய்கிறாள், அவள் செய்கிற எல்லாவற்றையும் போல.

அதற்குத்தான் பள்ளியே இல்லாத இந்த ஒரு வருஷம். உன்னைக் குறை சொல்ல இல்லை. அவளை அவளாக இருக்க விட.

உன்,
சின்னவள்

ஜூன் 27

சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

நீ பியானோவுக்குச் சுதி சேர்ப்பவள். உன் வேலையில் உன்னை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும், நாலு பேரிடம் நானே சொல்லியும் இருக்கிறேன். ஆனால் பிள்ளைகளைப் படிக்க வைப்பது என் வேலை. உன் பட்டறைக்கு வந்து, இந்தக் கம்பியை இப்படி முறுக்கு என்று நான் என்றைக்காவது சொன்னேனா?

மாப்பிள்ளை பேருந்து ஓட்டப் போய்விடுவார். நீ வீடு வீடாக வேலைக்குப் போவாய். பிள்ளை என்ன செய்யும்? பாடத்திட்டம் என்ன? நேர அட்டவணை உண்டா? தேர்வு வைப்பது யார்? அறிவுள்ள பிள்ளைக்குத்தான் ஒழுங்கு அதிகம் வேண்டும். காட்டுச்செடிபோல் விட்டால் ஒரு வருஷத்தில் எல்லாம் மறந்துபோகும். திரும்ப வகுப்பில் உட்காரவும் உடம்பு வணங்காது.

இங்கே எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "உங்க தங்கச்சி பொண்ணையே உங்க ஸ்கூல்ல வச்சிருக்க முடியலையா மேடம்?" முறைத்துப் பார்ப்பேன். போய்விடுவார்கள்.

இன்னொன்று. அவள் வேண்டுமென்றே தப்பாக எழுதினாள் என்கிறாய். இருக்கலாம். தினமும் என் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். ஒரு நாளாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே.

அக்கா

ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

நீ கேட்ட எதற்கும் என்னிடம் பதில் இல்லை என்பதால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை. பாடத்திட்டம் இல்லை, அட்டவணை இல்லை, தேர்வும் இல்லை. முதல் மாதம் முழுக்க அவள் தூங்கினாள். எழுந்தால் சாப்பிடுவாள். பட்டறையில் உடைந்த பியானோவுக்கு அடியில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். மறுபடி தூங்குவாள். நான் வாங்கி வைத்த புத்தகங்களில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. எதிர்வீட்டுக்காரி தினமும் பால்கனியிலிருந்து, "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பாள். "நல்லா இருக்கா" என்பேன். "அப்ப ஏன் ஸ்கூலுக்குப் போகல?" என்பாள். கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஒருநாள் அழுதே விட்டேன். "அக்கா சொன்னதுதான் சரியோ?" என்று அவரிடம் கேட்டேன். அவர் காலுறையைக் கழற்றிக்கொண்டே, "ரொம்ப தூரம் ஓடின வண்டி. இஞ்சின் ஆறட்டும். தொட்டுப் பாத்துட்டே இருக்காதே" என்றார். பேருந்துக்காரரிடம் கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

ஆனால் ஆறியது. போன மாதக் கடைசியில், அறுந்துபோன கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, "இதை ஒரு பலகையில இழுத்துக் கட்டித் தர்றியா?" என்றாள். கட்டிக் கொடுத்தேன். அடியில் ஒரு மரத்துண்டைச் செருகி, அங்கே இங்கே நகர்த்தி, மீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்பியைச் சரிபாதியாக்கினால் அதே சுரம், ஆனால் குட்டியாகக் கேட்கிறதாம். மூன்றில் இரண்டு பங்காக்கினால் வேறு சுரம், ஆனால் முதல் சுரத்தோடு சேர்த்துக் கேட்டால் காதுக்கு அப்படியொரு இனிப்பாம். "இது ரெண்டும் ஜோடி" என்றாள். ஜோடிக்கு ஜோடி, அதற்கு ஒரு ஜோடி என்று தேடிக்கொண்டே போகிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை.

நான் எதையும் சொல்லித்தரவில்லை, சத்தியம். கேட்டால் மட்டும் கம்பியை இழுத்துக் கட்டுகிறேன்.

சின்னவள்

செப்டம்பர் 8

சின்னவளுக்கு,

பாதி, மூன்றில் இரண்டு பங்கு. பின்னம் மறக்கவில்லை என்பது தெரிகிறது. சந்தோஷம்.

நீ எழுதியதைச் சும்மா ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கலாம் என்று ஆசிரியர் அறைக் கரும்பலகையில் எழுதினேன். மதிய உணவு நேரம் போய்விட்டது. வேதியியல் ஆசிரியர் வந்து, "மேடம், மணி அடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டியதாயிற்று. இதுவரை அந்த வாக்கியத்தை நான்தான் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அவள் போகிற வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அவளுக்கு அது இன்னும் தெரியாது. உனக்குத் தெரியுமா?

வீட்டில் அவள் அறையை அப்படியே வைத்திருக்கிறேன். பெருக்குவதற்கு மட்டும் திறக்கிறேன்.

அக்கா

நவம்பர் 18

அக்காவுக்கு,

பள்ளம் எனக்குத் தெரியும். என் பிழைப்பே அந்தப் பள்ளத்தின் மேல்தான். ஒரு சுரத்திலிருந்து அதன் ஜோடி, அதற்கு ஜோடி என்று சுத்தமாகச் சேர்த்துக்கொண்டே போனால், பன்னிரண்டாவது படியில் தொடங்கிய சுரத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும். வராது. மயிரிழை தள்ளிப் போய் நிற்கும். அதனால் பியானோவில் எல்லா ஜோடியையும் துளித் துளி குறைத்துத்தான் சேர்ப்போம். எனக்கு வேலை பழக்கியவர் அப்படித்தான் காட்டினார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

இவள் அதில் தலைகுப்புற விழுந்தாள். அதுவும் ஊர் கூடியிருக்கும்போது.

இங்கே ஊர்ப் பெரிய மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்திசை பழகுகிறார்கள். அங்கே ஒத்திகைக்கென்று ஒரு பழைய பியானோ கிடக்கிறது, அதைப் பார்த்துக்கொள்வது நான். "அம்மா, ஒரே ஒரு தடவை, எதையும் குறைக்காம சுத்தமா சேர்க்கலாம்" என்று காலைச் சுற்றி வந்தாள். வார நடுவில் யாரும் வர மாட்டார்கள், மறுநாள் மாற்றிவிடலாம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். ஆணியை முறுக்கியது நான். காதை வைத்துக் கேட்டு, "இன்னும்... இன்னும்... நிறுத்து!" என்று சொன்னது அவள். அக்கா, என் இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு காதை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஜோடியும் தேன். கடைசி ஜோடி மட்டும் அடிபட்ட நாய் மாதிரி ஊளையிட்டது. அதே இரண்டு கட்டையை மறுபடி அழுத்திப் பார்த்தாள். "எங்கயோ நான் தப்பு பண்ணிட்டேன்" என்றாள்.

சரிசெய்வதற்குள் கதவு திறந்தது. விழா நெருங்குகிறது என்று பாட்டு ஆசிரியர் ஒத்திகையை முன்கூட்டியே வைத்துவிட்டார். முப்பது பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். முதல் பாட்டு சர்க்கரைக் கட்டி. பாட்டு ஆசிரியரே புருவத்தைத் தூக்கினார். அடுத்த பாட்டு வேறு சுரத்தில் தொடங்கியது, பியானோ ஊளையிட்டது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். "இதை யார் சேர்த்தது?" என்று அவர் திரும்பினார். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் இவள் எழுந்து நின்றாள். கை தூக்கியிருந்தாள், வகுப்பில் தூக்குவதுபோல. "நான் சார். பதினொண்ணு சரியா வந்திருக்கு. பன்னெண்டாவதுல எங்கயோ தப்பு பண்ணிட்டேன். கண்டுபிடிச்சிட்டு சொல்றேன்" என்றாள்.

காதிலிருந்து கையை எடுத்துவிட்டு எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "ஏய், அந்த ஊளையை இன்னொரு தடவை போடேன்!" என்றாள். அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் பியானோவைச் சுற்றிக்கொண்டது. ஒவ்வொருவராக அந்த இரண்டு கட்டையையும் அழுத்தி, கூடவே தாங்களும் ஊளையிட்டார்கள். நடுவில் பட்டாணி நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டு ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வெட்கமாகவே இல்லை. நெஞ்சு விம்மிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து பிடித்திருக்கிறது சனியன். தப்பு எங்கே என்று தேடுகிறாள். திரும்பத் திரும்ப அதே ஊளை. நேற்று பலகையைத் தூக்கிச் சுவரில் எறிந்துவிட்டு அழுதாள். "எனக்கு வராதும்மா. எனக்குக் கணக்கே வராது" என்கிறாள். எந்தக் கணக்கிலும் இப்படி முட்டி நின்றதில்லை அவள். அவர் என்னைத் திட்டுகிறார். "உனக்குத் தெரியுமில்ல? சொல்லித் தொலையேன், பிள்ளை வாடுது" என்கிறார். சொல்லிவிடட்டுமா? நீ ஆசிரியை. உன்னைத்தான் கேட்கிறேன்.

சின்னவள்

நவம்பர் 25

சின்னவளே,

சொல்லாதே.

உன் கடிதத்தை வகுப்புக்குப் போகும் வழியில் படிக்கத் தொடங்கி, மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நானே அவளுக்கு விளக்கி எழுதலாம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். அழகான விளக்கம். கிழித்துப் போட்டேன்.

எத்தனையோ வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்கு எல்லாம் முதல் தடவையே வந்துவிடும். அதனால் வராத ஒன்றின் முன்னால் எப்படி உட்கார வேண்டும் என்று மட்டும் தெரியாமலே வளர்ந்துவிடுவார்கள். என் பள்ளியில் அவளுக்கு நாங்கள் கொடுத்ததெல்லாம் அவளால் முடிந்தவைதான். முடியாத ஒன்று அவளுக்குக் கிடைத்தது உன் வீட்டில்தான். அதை அவளிடமிருந்து பிடுங்கிவிடாதே.

ஆனால் "எனக்குக் கணக்கே வராது" என்று அவள் சொல்லும்போது சும்மா இருக்காதே. "உன் காது தப்பு பண்ணல" என்று மட்டும் சொல். அது பொய்யும் இல்லை, விடையும் இல்லை. மாப்பிள்ளை திட்டினால் நான் சொன்னதாகச் சொல். என்னைத் திட்ட அவருக்குத் தைரியம் கிடையாது.

"நான் சார்" என்று கை தூக்கினாளா? நிஜமாகவா? அந்த இடத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன்.

அக்கா

பிப்ரவரி 9

அக்கா!

கண்டுபிடித்துவிட்டாள்.

இன்றைக்குக் காலை எனக்கு வேலை இருந்ததால் அவள் அப்பாவோடு பேருந்தில் போனாள். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. பாலம் தாண்டும்போது "அப்பா!" என்று கத்தினாளாம். அவர் பதறிப்போய் ஓரங்கட்டினாராம். யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்.

"அப்பா, அது சேரவே சேராது! ஒவ்வொரு ஜோடிக்கும் கம்பியை ரெண்டால பெருக்கி மூணால வகுக்கறோம். ஆனா தொடங்கின சுரமே வரணும்னா ரெண்டால மட்டும்தான் வகுத்திருக்கணும். மூணை மூணால பெருக்கிட்டே போனா எப்பவுமே ஒத்தப்படைதான். ரெண்டை ரெண்டால பெருக்கிட்டே போனா எப்பவுமே ரெட்டப்படை. ஒத்தப்படையும் ரெட்டப்படையும் எங்கப்பா ஒண்ணாகும்? பன்னெண்டு தடவை இல்ல, ஆயுசு பூரா போனாலும் ஆகாது! நான் தப்பு பண்ணல. அது அப்படித்தான்!"

அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் மனிதர் எழுந்து, பயணிகள் பக்கம் திரும்பி நின்று, "என் பொண்ணு இப்பதான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா" என்று அறிவித்திருக்கிறார். "ரொம்ப சந்தோஷம், வண்டியை எடுங்க, ஆபீசுக்கு நேரமாச்சு" என்று ஒருவர் சொன்னாராம். ஒரு அம்மா மட்டும் கைதட்டினாராம். இரண்டையும் சேர்த்தே அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் என்னிடம் வந்தாள். "உனக்கு இது முன்னாடியே தெரியுமாம்மா?" என்று கேட்டாள். "சேராதுன்னு தெரியும். ஏன் சேராதுன்னு இன்னிக்கு நீ சொல்லித்தான் தெரியும்" என்றேன். கோபிப்பாள் என்று பயந்தேன். "நல்லவேளை, சொல்லாம இருந்தே" என்றாள்.

பெரியம்மாவுக்கு உடனே எழுது என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறாள். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சின்னவள்

பிப்ரவரி 16

என் சின்னவளே,

பெரிய வகுப்புக்கு இன்று நான் பாடம் நடத்தவில்லை. உன் கடிதத்திலிருந்து அவள் சொன்னதை மட்டும் பலகையில் எழுதிப்போட்டு, "இதுல ஓட்டை இருந்தா காட்டுங்க" என்றேன். எல்லாரும் முட்டி மோதிப் பார்த்தார்கள். ஓட்டை இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் பேனாவை வைத்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு மேடம். யார் இது? எந்தக் காலத்து ஆளு?" என்று கேட்டாள்.

"இந்தக் காலத்து ஆள்தான். எங்க பட்டாணி" என்றேன். வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை, சின்னவளே. பல காலத்துக்கு முன்பே அறிந்தவர்கள் உண்டு. அவளுக்கும் அதைச் சொல்லிவிடு, பின்னால் கேள்விப்பட்டு வாட வேண்டாம். ஆனால் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல். தனியாக நடந்து போய் அதே மலையில் ஏறியிருக்கிறாள்.

வாசலில் நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். நீ எதையும் மறக்கும் ரகம் இல்லை. அவளுக்கு இங்கே இடம் இருக்கிறது. கணக்குக்கு மட்டும் பெரிய வகுப்பில் உட்காரட்டும், மற்றதெல்லாம் அவள் வயதுப் பிள்ளைகளோடு. நிர்வாகத்திடம் பேசிவிட்டேன். அவள் அறைச் சன்னலுக்குப் புதுத் திரையும் போட்டுவிட்டேன்.

அக்கா

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதாமல் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். அவள் உன் பள்ளிக்கு வரவில்லை.

நான் முடிவு செய்யவில்லை. அவளிடம்தான் கேட்டேன். உன் கடிதத்தையும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு நாள் யோசித்தாள். பிறகு, சேர்ந்திசைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சேர்கிறேன் என்றாள். நம் தெருமுனையில் இருக்கிறதே, அந்தச் சாதாரணப் பள்ளி. அன்றைக்கு ஊளையை இன்னொரு தடவை போடச் சொன்ன பெண், அவளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறாளாம்.

"அங்க கணக்கு உனக்கு ரொம்ப லேசா இருக்குமேடி" என்றேன். "இருக்கட்டும்மா. லேசா இருந்தா சீக்கிரம் முடிச்சிட்டு, எனக்கு வராததை வீட்ல பண்ணிக்கறேன்" என்றாள். "வேணும்னே தப்பா எழுதுவியா?" என்று கேட்டேன். எத்தனை மாதமாகத் தொண்டையில் வைத்திருந்த கேள்வி அது. "எதுக்கு? அங்க எல்லாருக்கும்தான் என்னைப் பத்தித் தெரியுமே" என்றாள்.

அக்கா, இதைக் கேட்டு எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுத வார்த்தை வரவில்லை. அதே நேரம் புதுத் திரையையும் நினைத்துக்கொள்கிறேன். "பெரியம்மா கோவிச்சுப்பாங்களா?" என்று அவள் தினமும் கேட்கிறாள். "உன்மேல கோவமே வராது அவளுக்கு" என்கிறேன். என்மேல் வந்தால் வரட்டும்.

சின்னவள்

ஏப்ரல் 24

சின்னவளுக்கு,

கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது. அந்தத் திரையைக் கழற்றி மடித்து வைத்தேன். மறுநாள் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். ஒரு பிள்ளை தனக்கு எது வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகச் சொன்னால், ஆசிரியையாக நான் அவளுக்கு முழு மதிப்பெண் போட வேண்டும். பெரியம்மாவாக இருப்பதால்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், நீ உட்கார்ந்துகொள்.

எனக்கு விடுப்பு நிறையச் சேர்ந்து கிடக்கிறது. எடுத்ததே இல்லை. யோசித்துப் பார்த்தேன். சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பள்ளிக்குள் நுழைந்தவள், மாணவியாக, ஆசிரியையாக, தலைமையாசிரியையாக, இன்னும் வெளியே வரவே இல்லை. வேதியியல் ஆசிரியரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டேன். ஒரு வருஷம். "உடம்புக்கு ஏதாவது மேடம்?" என்று எல்லாரும் விசாரிக்கிறார்கள். உன் எதிர்வீட்டுக்காரியின் ஞாபகம் வந்தது. "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

முதல் மாதம் நான் தூங்குவேன். என்னை எழுப்பாதே, எந்தப் புத்தகமும் வாங்கி வைக்காதே. அதன் பிறகு உன் பட்டறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடு. அவளுக்கு அடுத்து வராதது எது என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. எனக்கும் அது வராது. பள்ளி விட்டு வந்ததும் இருவரும் சேர்ந்து முட்டிக்கொள்கிறோம்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் வந்துவிடுவேன். முதல் நாள் அவளைக் கொண்டுபோய் விடுவது என் வேலை, மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. பயப்படாதே, வாசலோடு நின்றுகொள்வேன். உள்ளே போய் அட்டவணை கேட்க மாட்டேன், கரும்பலகை சுத்தமாக இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க மாட்டேன். அங்கே நிற்கிற அம்மா அப்பாக்களோடு நானும் ஓர் ஆளாக நிற்பேன். மணி அடித்து அவள் உள்ளே போனதும், பக்கத்தில் யார் நின்றாலும் சரி, முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சரி, பிடித்து நிறுத்திச் சொல்லப்போகிறேன்: "அதோ, ரெட்டைப் பின்னல் போட்டுட்டுப் போறாளே, அது எங்க பொண்ணு."

அக்கா